சுடர்நகம், மௌனநகம்

காலையில் கண் விழித்ததும் மாசிலாமணி வழக்கம்போல் வலது கையை நீட்டினார். அவர் மனைவி தையல்நாயகி இடது கையை நீட்டினாள். ஐந்து விரல் நுனிகளும் ஐந்து விரல் நுனிகளைத் தொட்டன.

"காப்பி" என்றார் அவர்.

"பால்மாவு தீர்ந்துபோச்சு. கடுங்காப்பிதான்" என்றாள் அவள்.

இரண்டு வாயும் மூடியே இருந்தன. கையை எடுத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

செவ்வாயின் மண்ணுக்கு அடியில், சுரங்கப்பாதைகளாகக் குடைந்து கட்டிய ஊர் அது. செம்புழுதியூர் என்று பெயர். அங்கே காற்று மெலிசு. தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொசு முனகுவது போலத்தான் கேட்கும். மேலே எந்நேரமும் அடிக்கும் புழுதிப்புயலில் மின்பொறி பறப்பதால் வானொலியும் எடுபடாது. ஆகவே குடியேறிய முதல் தலைமுறையே பேச்சை வாயிலிருந்து விரலுக்கு மாற்றிவிட்டது. குழந்தை பிறந்த பத்தாம் நாள், இரண்டு மணிக்கட்டிலும் மிளகளவு நுண்கட்டுப்படுத்தி ஒன்றைப் பதித்து, அதிலிருந்து மயிரிழை போன்ற கம்பிகளை ஐந்து விரல் நுனிக்கும் ஓட்டிவிடுவார்கள். வாய் சாப்பிடுவதற்கும் கொட்டாவி விடுவதற்கும் என்று ஆகிப்போயிற்று.

ஐந்து விரலுக்கும் ஐந்து வேலை. பயப்படாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை. ஆள்காட்டி விரல் தாளம் போடும். நடுவிரல் வழியே ஒருவர் பேச்சு போகும், மோதிர விரல் வழியே மற்றவர் பேச்சு வரும். சுண்டுவிரல், 'உன்னைத்தான் கூப்பிடுகிறேன்' என்று அழைக்கும். கட்டைவிரல் ஒன்றும் பேசாது. ஆனால் அது தொடாவிட்டால் மற்ற நாலும் வீண்.

பேச்சு துணுக்குத் துணுக்காக நகரும். ஒரு தட்டுக்கு ஒரு துணுக்கு. தாளம் போடுபவர் ஒருவர்தான், அவர் வலது கை கொடுத்தவர். இடது கை கொடுத்தவர் அந்தத் தாளத்துக்குத்தான் பேச வேண்டும். தாளம் நின்றால் அவர் பேச்சும் பாதிச் சொல்லில் நின்றுவிடும். எனவே எதிராளி பேசுவதைக் கேட்க வேண்டுமானால், தாளக்காரர் தம் பங்குக்கு எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்ல ஒன்றுமில்லாதபோது "ம்... ம்... ம்..." என்று வெறும் துணுக்குகளை அனுப்புவார். தையல்நாயகி கல்யாணமான முப்பத்தொரு வருஷமாக மாசிலாமணியின் 'ம்'மில் ஏறித்தான் தன் பேச்சை நகர்த்திக்கொண்டு வருகிறாள். அவர் கேட்கிறாரா என்பது வேறு விஷயம். அதைக் கண்டுபிடிக்கும் கருவி எந்தக் கிரகத்திலும் இன்னும் வரவில்லை.

இனிதான் விஷயம். ஆள்காட்டி விரல் நகத்தில் கடுகளவு விளக்கு ஒன்று இருக்கும். பழுது பார்ப்பவருக்கு வசதியாக வைத்தது. பேசும்போது எல்லார் நகமும் ஒரே மாதிரி மினுக்கும். பேச்சு ஓய்ந்ததும் சிலர் நகத்தில் விளக்கு எரிந்தபடி நிற்கும், சிலர் நகத்தில் அணைந்து நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். முதல் கப்பலில் கருவிகள் இரண்டு பெட்டிகளில், இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து வந்தன. ஓய்வு நேரத்தில் தாளவிரலில் மின்சாரம் இருக்கட்டும் என்று ஒரு தொழிற்சாலைக்காரன் வைத்தான். வேண்டாம் என்று இன்னொருவன் வைத்தான். இரண்டு பேருமே அதைப் பற்றி அரை நிமிஷம் யோசித்திருந்தால் அதிகம்.

மிச்ச யோசனையை இங்கே வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். விளக்கு எரிந்தால் சுடர்நகத்தார், அணைந்தால் மௌனநகத்தார். சுடர்நகத்தாரின் முன்னோர்கள் முதல் புயலின்போது ஊர் தூங்கத் தாங்கள் விழித்துக் காவல் காத்தவர்களாம். அதனால் அந்த விளக்காம். மௌனநகத்தாரின் முன்னோர்கள் மின்பஞ்ச வருஷத்தில் தங்கள் வெளிச்சத்தை ஊருக்குத் தானம் செய்தவர்களாம். இரண்டுக்கும் ஆதாரமாகப் புத்தகங்கள் இருந்தன. பிறக்கும் குழந்தைக்கு அப்பனுடைய ஓய்வுநிலை எதுவோ அதையே வைத்துவிடுவார்கள். அதற்குத் தக்கபடி தனித்தனிப் பாதைகள், தனித்தனிச் சங்கங்கள், தனித்தனி ஊறுகாய்கள்.

ஊர்மன்றம் சும்மா இருக்கவில்லை. பணியிடத்தில் எல்லாரும் நகத்துக்கு வெள்ளை மூடி போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஆகவே காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஊரில் எல்லாரும் சமம். ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள்.

மாசிலாமணி சுடர்நக முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். கெட்டவர் இல்லை. மௌனநகத்தார் வீட்டுச் சாவுக்கும் போவார், ஆனால் தண்ணீர் குடிக்காமல் வந்துவிடுவார். அவருக்கு ஒரே மகள். நறுமுகை என்று பெயர். பனிச்சுரங்கத்தில் நீரளவைப் பொறியாளர். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் காலணியைக்கூட அவிழ்க்காமல் அப்பாவிடம் கையை நீட்டுவாள். உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் மாசிலாமணி இடது கை கொடுப்பார். அவள் தாளத்துக்கு இவர் பேசுவார். மேலாளர் மூக்குமூடிக்குள் தும்மிவிட்டுப் பட்ட அவஸ்தை, பனிப்பாளத்துக்குள் யாரோ வைத்து மறந்த ஒற்றைச் செருப்பு, இப்படி அரைமணி நேரம் போகும். அந்த அரைமணிக்காகத்தான் மாசிலாமணி ஒரு நாளின் மற்ற நேரத்தைக் கழித்தார் என்று சொன்னால் தப்பில்லை.

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் நறுமுகை சொன்னாள். "அப்பா, என்கூட வேலை பார்க்கிறார். பேரு உதியன். வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்றார்."

"ம்" என்றார் மாசிலாமணி. அன்று அது வெறும் துணுக்கு இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். உதியன், அவன் அப்பா பரஞ்சோதி, அம்மா. மரியாதைக்கு நகமூடியோடுதான் வந்தார்கள். மாசிலாமணி வீட்டிலும் மரியாதைக்கு மூடி போட்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் பேச்சுமேசை இருந்தது. அதன் விளிம்பில் ஐந்து கம்பிகள் ஓடும். எல்லாரும் அதில் விரல் வைத்துவிட்டால் ஒருவர் தாளத்தில் அத்தனை பேரும் பேசலாம். வீட்டுக்காரர் என்ற முறையில் மாசிலாமணி தாளம் எடுத்துக்கொண்டார்.

"முதல்லயே சொல்லிடறேன். நாங்க இந்த நகம், விளக்கு எதுவும் பார்க்கிறதில்லீங்க."

"அய்யய்யோ, நாங்களும்தான். இந்தக் காலத்துல போயி" என்றார் பரஞ்சோதி.

"அதானே. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன். நீங்க எந்தப் பாதைப் பக்கம்?"

"ஆறாம் பாதை."

"ஆறுல ரெண்டு தரப்பும் கலந்துதான் இருக்காங்க, இல்லையா?"

"ஆமாங்க. நல்லாக் கலந்துதான் இருக்காங்க."

தையல்நாயகி தன் முறைக்குக் கேட்டாள். "உங்களுக்குப் படுத்தா கண்ணுல வெளிச்சம் குத்துமோ?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் படுத்த உடனே தூக்கம்தாங்க" என்றாள் உதியனின் அம்மா. அவளும் முப்பது வருஷக் குடித்தனக்காரி, பிடி கொடுப்பாளா?

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பேச்சு ஆறாக ஓடியது. இருவருக்கும் ஒரே முழங்கால் வலி, ஒரே வைத்தியர், அந்த வைத்தியர் மேல் ஒரே சந்தேகம். ஊர்மன்றத் தலைவர் பேசினால் தூக்கம் வருகிறது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. பரஞ்சோதி சொன்ன ஒரு வேடிக்கைக்கு மாசிலாமணி சிரித்த சிரிப்பில் தாளமே தடுமாறிற்று. "சம்பந்தி" என்ற சொல் முதலில் யார் விரலிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. உதியனும் நறுமுகையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

அப்போது பாசிவடை வந்தது.

வடையைக் கையால்தானே எடுக்க வேண்டும்? எல்லாரும் மேசையிலிருந்து விரலை எடுத்து, நகமூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். சாப்பாட்டு நேரம் அந்த ஊரில் ஊமை நேரம். பேச்சு ஓய்ந்தது. மேசையின் இந்தப் பக்கம் மூன்று நகங்களில் சின்னச் சின்னதாக விளக்கு நின்று எரிந்தது. அந்தப் பக்கம் மூன்று நகங்களும் இருண்டு கிடந்தன.

வடை யாருக்கும் இறங்கவில்லை. பரஞ்சோதி பாதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, விரலைத் துடைத்து, மேசைக் கம்பியில் வைத்தார். "கொஞ்சம் வேலை இருக்கு. சொல்லி அனுப்பறோம்."

"நாங்களும் சொல்லி அனுப்பறோம்" என்றார் மாசிலாமணி.

அவர்கள் போனதும் தையல்நாயகி கணவனிடம் விரல் கொடுத்தாள். "பேரு மட்டும் பரஞ்சோதி. நகத்துல ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை."

நறுமுகை வந்து அப்பாவின் இடது கையைத் தானே இழுத்து வைத்துக்கொண்டாள். "ரெண்டு மணி நேரம் பேசினீங்களே அப்பா. ஒரு சொல்லாவது பிசகிச்சா?"

"பேசறதுல என்னம்மா இருக்கு? பேச்சு யாரோடயும் பேசலாம். சும்மா இருக்கறப்ப ஒத்துப்போகணுமே. குடும்பம்னா பாதி நேரம் சும்மா இருக்கறதுதானே."

அவர் மேலும் ஏதோ சொல்ல ஆரம்பிக்கும்போதே அவள் தாளத்தை நிறுத்தினாள். அவர் பேச்சு பாதிச் சொல்லில் தொங்கியது. பிறகு, "சரி, நாளைக்கு அஞ்சுகம் அக்காகிட்டப் போவோம். அவங்க சொல்லட்டும்" என்றாள்.

*

அஞ்சுகம் அந்த ஊரின் ஒரே பழுதுநீக்குநர். ஐம்பது வயதிருக்கும். சூடுகோல் பட்டுப் பட்டு அவள் நகவிளக்கு என்றைக்கோ கருகிப்போயிற்று. அவள் எந்தத் தரப்பு என்பது யாருக்கும் தெரியாது. உதவி வேண்டும்போது இரண்டு தரப்பும் 'நம்ம பொண்ணு' என்பார்கள். விருந்துக்கு இலை எண்ணும்போது 'அவங்க ஆளாச்சே' என்பார்கள்.

மாசிலாமணி, நறுமுகை, உதியன் மூவரையும் தன் பட்டறை மேசையில் விரல் வைக்கச் சொல்லிவிட்டு அவள் விளக்கினாள்.

"உள்ள ரெண்டே ரெண்டு துணுக்குதான் ஐயா இதைத் தீர்மானிக்குது. அதை நாலு விதமா வெக்கலாம். உங்க தரப்பு ஒரு விதம், தம்பி தரப்பு ஒரு விதம். ஒரு தட்டுன்னா ஒரு ஏத்தம், ஒரு இறக்கம். ஆனா ரெண்டு தரப்புமே தாளம் ஏறும்போதுதான் எதிராளி பேச்சை வாசிக்குது. அதனாலதான் பேச்சுல ஒண்ணும் தெரியறதில்லை. பேசாதப்ப ஒண்ணு மேல நின்னு இளைப்பாறுது, ஒண்ணு கீழ உக்காந்து இளைப்பாறுது."

"மிச்சம் ரெண்டு விதம்?" என்றார் மாசிலாமணி.

"அது தாளம் இறங்கும்போது வாசிக்கும். அப்படி வெச்சா நிஜமாவே ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாது. நாம ஒரு எழுத்தை அழிச்சு அடுத்த எழுத்து எழுதிக்கிட்டிருக்கோம், அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வந்து படிச்சா எப்படி இருக்கும்? அப்படி. இந்த ஊர்ல யாரும் அதை வெச்சுக்கலை. யாருக்கு வேணும்?"

"ஒரு விதத்துலேருந்து இன்னொரு விதத்துக்கு மாத்தணும்னா?" என்று கேட்டாள் நறுமுகை.

"மூணு விநாடி."

மாசிலாமணி திகைத்துப்போனார். தாத்தாவும் அவர் தாத்தாவும் புயலில் விழித்திருந்து சம்பாதித்த விளக்கு மூன்று விநாடி என்கிறாளே!

உதியன் கையை நீட்டினான். "அக்கா, எனக்கு மாத்திடுங்க."

அஞ்சுகம் நறுமுகையைப் பார்த்தாள், மாசிலாமணியைப் பார்த்தாள். கைக்கருவியின் முனையை அவன் மணிக்கட்டில் வைத்து எடுத்தாள். மறு கையிலும் அப்படியே. உதியன் விரலை மேசையிலிருந்து எடுத்தான். நகத்தில் விளக்கு நின்று எரிந்தது. மாசிலாமணியின் விளக்கைவிடச் சற்றுப் பிரகாசமாகக்கூட இருந்தது. புதுத் துணுக்கு அல்லவா.

நறுமுகை சிரித்தாள். மாசிலாமணி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விரலை மடக்கியே வைத்திருந்தார். வாசலில்தான் மகளுக்குக் கை கொடுத்தார்.

"மூணு விநாடியில தன் வம்சத்தையே மாத்திக்கிட்டான். நாளைக்கு நாலாவது விநாடியில உன்னை விட்டுட்டுப் போயிட்டா?"

"நீங்க கேட்டதுக்காகத்தானே அப்பா மாத்தினார்!"

"நான் கேட்டேனா? நான் எப்பவும்மா நகம் பார்த்திருக்கேன்? ஆனா, இப்ப எரியுது சரி. முன்ன எரியலையே."

*

அஞ்சுகம் சொன்ன செய்தி இரண்டு நாளில் ஊரெல்லாம் பரவிவிட்டது. பேச்சில் வித்தியாசமே இல்லை, இரண்டும் ஒரே தட்டில்தான் வாசிக்கின்றன, மாற்ற மூன்று விநாடி போதும். சுடர்நகச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. மௌனநகச் சங்கமும் போட்டது. இரண்டு கூட்டத்திலும் அஞ்சுகத்தை அழைத்துக் கேட்டார்கள். அவள் இரண்டு இடத்திலும் ஒரே படத்தை வரைந்து காட்டினாள். யாரும் மறுக்கவில்லை. படித்தவர்கள் நிறைந்த ஊர், அறிவியலை மறுப்பார்களா?

"ஆக, உண்மையில வித்தியாசம் இல்லை" என்றார் ஒரு பெரியவர்.

"இல்லைங்க" என்றாள் அஞ்சுகம்.

"அப்ப இதை உடனே சரி பண்ணணும்" என்றார் அவர். கூட்டம் கை தூக்கியது.

மனு எழுதும் பொறுப்பு மாசிலாமணிக்கு வந்தது. எதிர்த் தரப்பில் பரஞ்சோதிக்கு. இரண்டு சங்கங்களும் வரலாற்றில் முதன்முறையாகக் கூட்டுக்குழு அமைத்தன. பதினோரு நாள் மாசிலாமணியும் பரஞ்சோதியும் விரலோடு விரல் வைத்து உட்கார்ந்து மனுவைத் தயாரித்தார்கள். 'இவ்விரு சமூகத்தாரும் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்ள இயலாதவர்கள் என்பதால்' என்று தொடங்கும் பத்திக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. ஒரு காற்புள்ளியில்கூடக் கருத்து வேறுபாடு வரவில்லை. இடையிடையே முழங்கால் வலிக்கு எண்ணெய் பரிமாறிக்கொண்டார்கள்.

யார் இறங்குதட்டுக்கு மாறுவது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. 'ஒளி மேலிருந்து கீழே இறங்குவதே இயற்கை' என்று மாசிலாமணி ஒரு வரி சேர்த்து, அந்தப் பெருமையைச் சுடர்நகத்தாருக்கே வாங்கிவிட்டார். ஊர்மன்றமும் சட்டப்புத்தகத்தைப் புரட்டி, 'பண்பாட்டு உரிமை' என்று ஒரு பிரிவைக் கண்டுபிடித்தது. சித்திரை முதல் நாளிலிருந்து சுடர்நகத்தார் அனைவரும் இறங்குதட்டில்தான் பேசுவார்கள், வாசிப்பார்கள். மௌனநகத்தார் பழையபடி ஏறுதட்டில். ஒரு குடும்பத்துக்கு ஒரே நிலை. தனியாள் யாராவது மாற வேண்டுமென்றால் இரண்டு சங்கங்களின் ஒப்புதலும் வேண்டும்.

சித்திரைக்கு இரண்டு நாள் முன்னால் பதிவகத்தில் நறுமுகைக்கும் உதியனுக்கும் கல்யாணம் நடந்தது. எந்த நிலை என்று எழுத்தர் கேட்டபோது, நறுமுகை வெகுநேரம் யோசித்தாள். ஒரு பக்கம் அப்பாவின் தட்டு. ஆனால் அது இன்னும் இரண்டு நாளில் ஊரில் பாதிப் பேரோடு பேசாத தட்டாகிவிடும். பனிச்சுரங்கத்தில் அவள் குழுவே மௌனநகக் குழு. "பழையதே இருக்கட்டும்" என்றாள். உதியன் மூன்று விநாடியில் திரும்பவும் மௌனநகத்துக்கு மாறிக்கொண்டான். அவளும் மூன்று விநாடியில் மாறினாள். அந்தக் கல்யாணத்துக்குத் தையல்நாயகி போனாள். மாசிலாமணிக்குச் சங்கத்தில் கூட்டம் இருந்தது.

*

சித்திரை முதல் நாள் பெரிய விழா. ஆயிரத்தெண்ணூறு சுடர்நகத்தார் அஞ்சுகம் முன்னால் மணிக்கட்டை நீட்டி நீட்டி மாறிக்கொண்டார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை காற்றுவடிகட்டி பார்க்கும் ஆள் வந்து என்னவோ சொன்னார், மாசிலாமணிக்குப் புரியவில்லை. மருந்துக் கடையில் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. மன்றத்தில் ஓர் உறுப்பினர் வாழ்த்துச் சொல்ல, இன்னொருவர் வெளிநடப்பு செய்தார். ஆனாலும் ஊரில் ஒரு திருப்தி பரவியிருந்தது. இரண்டு தரப்பிலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம், ரெண்டு பேருக்கும் ஒத்துவராதுன்னு."

ஒன்பதாம் நாள் நறுமுகை வந்தாள்.

சாயங்கால நேரம்தான். காலணியை அவிழ்க்கவில்லை. வலது கையை நீட்டினாள். மாசிலாமணி இடது கையை நீட்டினார். ஐந்து விரலும் ஐந்து விரலில் பொருந்தின. அவள் தாளம் போட்டாள். தாளம் மட்டும் நன்றாகவே தெரிந்தது, அவளுடைய அவசரத் தாளம், நாலு தட்டுக்கு ஒரு முறை லேசாக முந்திக்கொள்ளும் தாளம். ஆனால் அதன்மேல் வந்தது பேச்சில்லை. தகரத்தில் மணலைக் கொட்டியது போல ஒரு சரசரப்பு. அவர், "என்னம்மா, என்ன சொல்றே?" என்றார். அவளுக்கும் மணல்தான் போயிருக்க வேண்டும். முகம் சுருங்கியது.

கையை எடுத்து, விரல் நுனிகளைச் சேலையில் அழுத்தித் துடைத்து, மறுபடி வைத்தாள். அழுக்கென்று நினைத்தாளோ, நினைக்க ஆசைப்பட்டாளோ. மறுபடியும் மணல்.

மேசைமேல் படிந்திருந்த புழுதியில் விரலால் எழுதினாள்: 'சாப்பிட்டீங்களா?' அவர் எழுதினார்: 'ம்.' அவள் எழுதினாள்: 'முழங்கால்?' அவர் எழுதினார்: 'பரவாயில்லை.' அதோடு மேசையில் புழுதி தீர்ந்துபோயிற்று. மேலாளரின் தும்மலை எப்படிப் புழுதியில் எழுதுவது? அவள் கண்களில் நிறைய இருந்தது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் விரலோடு விரல் வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். போகும்போது அம்மாவுக்கு மட்டும் உள்ளே போய்க் கை கொடுத்துவிட்டுப் போனாள். நெடுநேரம் கொடுத்தாள். இவர் வெளியே உட்கார்ந்திருந்தார், பாவம், அதில் என்ன வினோதம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாலு நாளும் அவர் சாயங்காலம் ஆனால் வாசலில் உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். ஐந்தாம் நாள், ஊர் மொத்தமும் மதியத் தூக்கம் போடும் நேரமாகப் பார்த்து, இரண்டரை மணிக்கு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அஞ்சுகத்தின் பட்டறைக்குப் புறப்பட்டார். சங்கத்தின் செயலாளர் முன்வாசலில் போய் நிற்க முடியுமா? குழாய்கள் ஓடும் சந்து வழியாகக் குனிந்து குனிந்து பின்வாசலுக்குப் போனார்.

அங்கே கூட்டமாக இருந்தது.

தலையில் துண்டு, முக்காடு, குல்லாய். யாரும் யாரையும் பார்க்காமல், எல்லாரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். காற்றுவடிகட்டிக்காரர் நின்றார். மருந்துக் கடைக்காரர் நின்றார். மன்ற உறுப்பினர்கள் இருவர், வாழ்த்தியவரும் வெளிநடப்பு செய்தவரும் நின்றார்கள். பரஞ்சோதி நின்றார். மாசிலாமணியைப் பார்த்ததும் மேலே ஓடும் குழாயைக் கூர்ந்து ஆராயத் தொடங்கினார். முன்னால், ஏழாவது எட்டாவது ஆளாக, தையல்நாயகி நின்றாள். மாறிக்கொண்டு போய் மகளோடு பேசிவிட்டு, இரவுக்குள் திரும்ப மாறி வீட்டுக்கு வந்து கணவனின் 'ம்'மைக் கேட்க உட்கார்ந்துவிடுகிற ஏற்பாடு. இந்த இரண்டு வாரத்தில் அவளுக்கு இது நாலாவது தடவை.

அஞ்சுகம் கைக்கருவியோடு வெளியே வந்தாள். இரண்டு தட்டும் வாசிக்கும்படி தன் கையை அவள் எப்போதோ மாற்றி வைத்திருந்தாள். மாசிலாமணிக்குக் கை கொடுத்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது அவளுக்கு, தூக்கமில்லை.

"வாங்க ஐயா. ஒரு மணி நேரத்துக்கா, சாயங்காலம் வரைக்குமா?"

"சாயங்காலம் வரைக்கும்." அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "அஞ்சு மணிக்கு என் பொண்ணு வேலை முடிஞ்சு சுரங்கத்து வாசலுக்கு வருவா. அவகிட்டக் கொஞ்சம் பேசணும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"இங்கே யாருக்கும் யாரும் தெரியறதில்லைங்க ஐயா. ஆனா அஞ்சு மணிக்குள்ள முடியணும்னா அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நாலே பேருதான் இருக்காங்க."

அப்போதுதான் மாசிலாமணி கவனித்தார். சந்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. அஞ்சுகம் கயிறு கட்டவில்லை, தரையில் கோடு போடவில்லை, யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இடது சுவரை ஒட்டி நின்றவர்களின் நகங்களில் விளக்கு எரிந்தது. வலது சுவரை ஒட்டி நின்றவர்களின் நகங்கள் அணைந்திருந்தன. இடது பக்கம் நாற்பது பேர் இருக்கும். வலது பக்கம், பரஞ்சோதியும் இன்னும் மூன்று பேரும்.

"எல்லாருக்கும் ஒரே நாற்காலிதான் ஐயா, ஒரே முனைதான். விழாவுல அது தேஞ்சுபோச்சு, ஒவ்வொருத்தருக்கு அப்புறமும் நாலு நிமிஷம் ஆற வெக்கணும். பக்கத்துக்கு ஒருத்தரா மாத்தி மாத்திக் கூப்பிடறேன்" என்றாள் அஞ்சுகம். "அங்கே நின்னா முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். இங்கே நின்னா ஆறு மணி ஆயிடும், பொண்ணு வந்துட்டுப் போயிடுவா."

மாசிலாமணி வலது பக்கத்தைப் பார்த்தார். பரஞ்சோதிக்குப் பின்னால் நிறைய இடம் இருந்தது. சுவரில் மணி மூன்றாகியிருந்தது.

அவர் துண்டை நன்றாக முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு, இடது வரிசையின் கடைசியில் போய் நின்றார்.